பக்கத்து வீட்டுக் கதவு

பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் இல்லாவிட்டால் பெங்களூரில் நம் தமிழ் அமைப்புகள் ஒரு மாதம்கூட நடக்காது. சந்தா வசூலிப்பது, பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிப்பது, நூலகத்தைத் திறந்து உட்காருவது, ஒரு வீட்டில் துக்கம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பது எல்லாம் அவர்கள்தாம். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். என்று ஏதோ ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்தத் தொண்டில் பெரும்பகுதி தமிழ் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கதவு வரை போவதில்லை.

இந்த இடத்தில் இதே ஊரில் வாழ்ந்த ஓய்வு பெற்ற ஒருவரை நினைவுகூரத் தோன்றுகிறது. அவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். 1891 ஜூன் 6-இல் கோலார் மாவட்டத்து மாலூர் தாலுகாவில், வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில எம்.ஏ. முடித்து, மைசூர் சமஸ்தான சிவில் சர்வீஸில் சேர்ந்து உயர்பதவிகள் வகித்தார். 1940-களின் முற்பகுதியில், தமக்கு இளையவர் ஒருவரை அமைச்சருக்கு நிகரான பதவிக்கு உயர்த்தித் தம்மை ஒதுக்கியதும், வேலையை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பதவி உயர்வு கிடைக்காத கசப்போடு ஓய்வு பெற்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! பல வீடுகளில் திண்ணைப் பேச்சே அதுதான். மாஸ்தியும் அப்படி உட்கார்ந்திருக்கலாம். அவரோ 1944-இல் ‘ஜீவன’ என்ற கன்னட மாத இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, 1965 வரை இருபத்தொரு ஆண்டுகள் நடத்தினார். பத்திரிகை நடத்துவது என்றால் பிறர் எழுத்தைப் படித்து, திருத்தி, அச்சேற்றுவது. தாம் பெரிய எழுத்தாளராக இருந்துகொண்டு மற்றவர்களுக்காக அந்த வேலையைச் செய்தார். பேந்த்ரே, ஜி.பி. ராஜரத்தினம் போன்றவர்களுக்கு மூத்த அண்ணன்போல் துணை நின்றார். 1956-இல் ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவல் வந்தபோது அவருக்கு வயது 65. அதற்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிடைத்தது. இத்தனைக்கும் நடுவே மாலையானால் கவிபுரத்து வீட்டிலிருந்து பசவனகுடி கிளப்புக்கு நடந்து போய்ச் சீட்டாடும் சாதாரண மனிதராகவும் இருந்தார். 1986-இல், தம் பிறந்த நாளான ஜூன் 6 அன்றே காலமானார். வேலை பார்த்த காலத்தைவிட, வேலையை விட்ட பிறகு வாழ்ந்த காலம் அதிகம். கன்னட மக்கள் அவரை ‘கன்னடத்தின் ஆஸ்தி மாஸ்தி’ என்றே சொல்கிறார்கள்.

அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. அவர் கன்னடத்தின் சொத்து, அப்படியே இருக்கட்டும். வீட்டில் ஒரு மொழி பேசியவர் தெருவின் மொழிக்குத் தம் ஓய்வுக் காலத்தைக் கொடுத்தார் என்பதுதான் நமக்குப் பாடம்.

“தமிழே தேய்ந்துகொண்டிருக்கிறது, நம் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. இதில் கன்னடக்காரருக்கும் தொண்டா?” என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நியாயமான கவலை. ஆனால் ஒன்றைச் செய்தால் மற்றது கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கன்னடத்துக்கே உழைத்த மாஸ்திதான் 1975-இல் ராஜாஜியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அல்சூர் ஏரிக்கரையில் 1991-இலிருந்து மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையையும் எண்ணிப் பாருங்கள். அது 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்டது. நான்கே நாளில், ஆகஸ்ட் 13-இல், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. பதினெட்டு வருடம் கோரிக்கை வைத்து நடக்காதது, கொடுத்து வாங்கியபோது நடந்தது. ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

1991 டிசம்பரை இந்த ஊரில் இருந்தவர்கள் யாரும் மறக்கவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிக் கலவரம் மூண்டு, தமிழர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் இருந்தார். எல்லா வீட்டுக் கரண்ட் பில்லையும் வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்று கட்டி வருவார். கன்னடப் பாட்டி ஒருவருக்கு மாதாமாதம் பென்ஷன் வாங்கக் கூடவே போவார். அவர் பேசிய கன்னடம் தப்பும் தவறுமாகத்தான் இருக்கும். அந்த இரண்டு இரவும் எதிர்வீட்டுக் கன்னடர் இருவர் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவரை யாரும் மாநாட்டு மேடையில் ஏற்றியதில்லை. ஆனால் அவரால் எங்கள் தெருவில் இருந்த மற்றத் தமிழ் வீடுகளும் நிம்மதியாகத் தூங்கின.

பாதுகாப்புக்காக மட்டும் நல்லவராக இருங்கள் என்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் செய்வது தொண்டு ஆகாது. ஆனால் நாம் சோறு உண்ணும் ஊரில், நம் பிள்ளைகள் பிறந்து வளரும் ஊரில், விருந்தாளிகளாகவே இருந்துவிட்டுப் போவது சரியா?

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். நமக்குப் போகும்போது அடுத்த வீட்டுப் பெரியவரையும் அழைத்துப் போகலாம். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் வாரம் இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ராஜ்யோத்சவத்துக்குத் தெருவில் கொடி ஏற்றும்போது நாமும் போய் நிற்கலாம். அறுபது வயதில் கன்னட எழுத்துக் கற்பது கடினம்தான். ஆனால் நம்மிடம் இப்போது நேரம் இருக்கிறது.

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் மூத்த உறுப்பினர்களுக்குப் பொன்னாடை போர்த்துகின்றன. அடுத்த ஆண்டு ஒரு பொன்னாடையையாவது, தம் தெருக்காரர்கள் கன்னடத்தில் வந்து பாராட்டும் ஒரு தமிழருக்குப் போர்த்துவோம். மாஸ்தி வாழ்ந்த ஊரில் இது நம்மால் முடியாத காரியம் அல்ல.