ஒமேகாவா, டியூடரா? ஒரு பொய்த் தேர்வுக்கு மறுப்பு

முதல் சொகுசுக் கைக்கடிகாரமாக எதை வாங்குவது? ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300எம் மாதிரியையா, டியூடர் பிளாக் பே 58 மாதிரியையா? ஆய்வு மாணவர்களும் அண்மையில் பணியேற்ற உதவிப் பேராசிரியர்களும் இன்று இவ்வினாவை ஆய்வுத் தலைப்பைத் தேர்வதைவிட மிகுந்த கவனத்தோடு விவாதிக்கிறார்கள். ஃபீனிக்ஸ் பேயில் குடியிருக்கும் எனக்கும் இந்த விவாதம் வந்து சேர்கிறது. கடலோரத்தில் வாழ்பவர்களுக்குக் கடல் கடிகாரம்தானே பொருத்தம் என்பது அதன் முன்னுரை. அந்த முன்னுரையிலிருந்தே என் மறுப்பைத் தொடங்குகிறேன்.

கைக்கடிகாரம் வாங்குவதை நான் குற்றமாகக் கருதவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணுறுப்புகள் மின்கலமின்றி ஒன்றையொன்று இயக்கி ஓடும் பொறியில் அழகில்லை என்று சொல்பவர் கைத்தொழில் என்பதையே அறியாதவர். நான் எதிர்ப்பது, அந்த அழகை விற்பதற்காகச் சொல்லப்படும் நியாயங்களை. கடல், துல்லியம், முதலீடு, வாரிசுரிமை என அவை நான்கு. நான்கும் ஆராய்ச்சியை வாழ்க்கையாகக் கொண்டவர்கள் கேள்வியின்றி விழுங்கத் தக்கவை அல்ல.

முதலில் கடல். 1953இல் பிரெஞ்சுக் கடற்படையின் மூழ்கு வீரர்களுக்காக பிளாங்பெய்ன் நிறுவனம் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் கடிகாரத்தைச் செய்தது. ரோலெக்ஸ் சப்மரைனரும் அதே காலத்தது. அன்று மூழ்குபவரின் உயிரைக் காத்த கணக்கு ஒன்றுதான்: நீருக்கடியில் எத்தனை நிமிடம் கழிந்தது? முகப்பைச் சுற்றித் திரும்பும் வளையம் அதற்காகவே பிறந்தது. அது மெய்யான கருவி, மெய்யான வரலாறு. டியூடரும் பல பத்தாண்டுகள் அதே கடற்படைக்குக் கடிகாரம் வழங்கியது. ஆனால் 1980களில் டைவ் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணித்து, உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜனின் அளவை மதிப்பிட்டு, எப்போது மேலேற வேண்டும் என்பதை அவை சொல்கின்றன. இங்கிருந்து படகில் சில மணி நேரத் தொலைவிலுள்ள ஸ்வராஜ் தீவில், பயணிகளை ஆழத்துக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் நம்பியிருப்பது இந்தக் கணிப்பொறிகளைத்தான்.

பொழுதுபோக்காக மூழ்குவோருக்குப் பயிற்சி அமைப்புகள் விதித்துள்ள எல்லை 40 மீட்டர். டியூடரின் தாங்குதிறன் 200 மீட்டர், ஒமேகாவினுடையது 300 மீட்டர். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த 100 மீட்டரை வைத்துக்கொண்டு நிகழும் வாதங்கள், எவருமே இறங்காத ஆழத்தைப் பற்றியவை. ஒமேகாவின் இடப்புறத்தில், பத்து மணி நிலையில், ஹீலியம் வெளியேற்றும் வால்வு ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. கடலடிப் பணியாளர்கள் ஹீலியம் கலந்த காற்று நிரம்பிய அழுத்த அறைக்குள் நாட்கணக்கில் தங்கியிருப்பார்கள். அப்போது கடிகாரத்துக்குள் புகுந்துவிடும் ஹீலியம், அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது கண்ணாடியைத் தள்ளித் தெறிக்கச் செய்யலாம். அதைத் தடுக்கவே இந்த வால்வு. நாள் முழுவதும் நூலகத்தில் அமர்ந்திருக்கும் வரலாற்றுத்துறை மாணவருக்கு இதனால் என்ன பயன்? கருவியின் பயன் போய்விட்டது, அதன் தோற்றம் மட்டும் விலைக்கு வருகிறது.

அடுத்தது துல்லியம். டியூடரின் பொறி பெற்றிருக்கும் சுவிஸ் குரோனோமீட்டர்ச் சான்று நாளொன்றுக்கு நான்கு விநாடி பிந்துவதையும் ஆறு விநாடி முந்துவதையும் அனுமதிக்கிறது. ஒமேகா பெற்றிருக்கும் மெட்டாஸ் சான்று இன்னும் கடுமையானது. அதன்படி கடிகாரம் பிந்தக் கூடாது, முந்துவதும் ஐந்து விநாடிக்குள் இருக்க வேண்டும். 15,000 காஸ் காந்தப் புலத்தையும் அது தாங்க வேண்டும். பாராட்டத்தக்க பொறியியல்தான். ஆனால் 1989 முதல் விற்பனையில் உள்ள கேசியோ எஃப்-91டபிள்யூ மாதத்துக்கே 30 விநாடிதான் பிசகும் என்று அதன் தயாரிப்பாளர் சொல்கிறார், அதாவது நாளுக்கு ஒரு விநாடி. 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ தன் குவார்ட்ஸ் கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தபோதே துல்லியப் போட்டி முடிவுக்கு வந்துவிட்டது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் பணியாற்றிய சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 30,000 பேர். அந்த வீழ்ச்சியிலிருந்து மீள அத்தொழில் கண்ட வழி, நேரத்தை விற்பதை விட்டுவிட்டு மரபையும் மதிப்பையும் விற்பது. அது அவர்களின் வணிகச் சாதுரியம். நாம் அதைத் துல்லியம் என்று அழைப்பதுதான் நம் அறியாமை.

இவ்விடத்தில் தீவுக்காரர் ஒருவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. எந்த நேரத்துக்குத் துல்லியம்? இந்தியச் சீர்நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். போர்ட் பிளேர், அதாவது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரம், ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் கணக்கிட்டால் இவ்வூரின் சூரியன் நம் கடிகாரத்துக்கு ஏறத்தாழ 41 நிமிடம் முன்னே நடக்கிறது. பழைய அளவையில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் நாழிகை. மே மாத இறுதியில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. நவம்பர் இறுதியில் மாலை ஐந்து அடிப்பதற்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. அதன்பின் நம் அலுவலகங்களும் வகுப்பறைகளும் விளக்கொளியில் இயங்குகின்றன. 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் கரண்ட் சயின்ஸ் இதழில், வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் ஒரு மணி நேரம் முந்திய தனிச் சீர்நேரம் வேண்டும் என்று வாதிட்டார்கள். அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. நாளுக்கு ஐந்து விநாடி பிசகுமா, ஆறு விநாடி பிசகுமா என்று இரவு முழுவதும் வாதிடும் கல்வியாளர் வட்டம், நம் எல்லோரின் நாளிலும் படிந்திருக்கும் 41 நிமிடத்தைப் பற்றி ஒரு கருத்தரங்காவது நடத்தியதுண்டா? நேரத்தின் மீது நமக்கிருப்பது அக்கறையா, அலங்கார ஆசையா என்பதை இந்த மௌனம் காட்டிவிடுகிறது.

மூன்றாவது முதலீடு. விலை ஏறும், விற்றால் லாபம் என்ற வாதம் சில ரோலெக்ஸ், படேக் பிலிப் மாதிரிகளின் கதையை எல்லாக் கடிகாரங்களுக்கும் பொருத்திப் பார்ப்பது. அந்தக் கதையே 2022இன் முற்பகுதியில் உச்சம் தொட்டுப் பின்னர் சரிந்தது. நாம் பேசும் இரண்டு மாதிரிகளும் பொதுவாகக் கடையைவிட்டு வெளியேறியவுடன் விலை குறைபவை. முதலீடு என்றால் அதற்கு வருமானம் வேண்டும், இல்லையேல் வளர்ச்சி வேண்டும். இதற்கு இருப்பது பராமரிப்புச் செலவு.

நான்காவது வாரிசுரிமை: நமக்குப் பின் பிள்ளைகள் அணிவார்களாம். அணியலாம், இடையில் பராமரித்துக்கொண்டே வந்தால். எண்ணெய் உலரும், நீர்புகாமல் காக்கும் ரப்பர் வளையங்கள் தளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியைப் பிரித்துச் சுத்தம் செய்து, அழுத்தச் சோதனை நடத்தி, மீண்டும் பூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் செலவு பத்தாயிரங்களில் வரும். உப்புக்காற்றும் ஈரமும் ஆண்டு முழுவதும் சூழ்ந்த ஊரில் அச்சோதனையைத் தள்ளிப்போடவும் இயலாது. நம்மைப் பொறுத்தவரை அந்தப் பணிமனை ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், சென்னை போன்ற பெருநகரத்தில் இருக்கிறது. தலைமுறைக்கும் நிற்கும் பொருள் என்று விற்கப்படுவது உண்மையில் தலைமுறைக்கும் நிற்கும் செலவு.

இனி விலை. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 4,44,000 ரூபாய். டியூடரின் விலை மூன்றரை லட்சத்துக்கு மேல், ஒமேகாவின் விலை ஐந்து லட்சத்துக்கு மேல். ஒரு மாணவர் ஓராண்டு முழுவதும் உண்ணாமல், வாடகை தராமல், களப்பணிக்குக் கப்பலேறாமல் இருந்தாலும் ஒமேகா கைக்கு எட்டாது. ஆகவே இது பெரும்பாலும் தவணைக் கடனில் வாங்கப்படுகிறது. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவது இந்நாட்டின் ஆய்வு மாணவர் எவருக்கும் புதுச் செய்தியன்று. ஆனால் தவணைத் தேதி தாமதிக்காது. தவணைக்கு அஞ்சும் மாணவர் நெறியாளரின் தவறான சொல்லையும் மறுக்கத் தயங்குவார், கிடைத்த முதல் ஒப்பந்தப் பணியைக் கேள்வியின்றி ஏற்பார், ஆய்வேட்டைப் பாதியில் நிறுத்துவார். அறிவுலகத்தில் கடனின் முதல் பலி சுதந்திரமான வாய். எனக்கு இதில் இருக்கும் உண்மையான கவலை இதுவே, கடிகாரமன்று.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்றுண்டு. அதைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. "ஏழை வீட்டுப் பிள்ளை, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை, விலையுயர்ந்ததை அணிந்தால் மட்டும் உங்களுக்குச் சிக்கனம் நினைவுக்கு வருகிறதா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. தமிழகத்தில் அணிகலன் ஒருபோதும் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிதிராவிடர் மீது ஆதிக்க சாதியினர் விதித்த எட்டுத் தடைகளில் முதலாவது, பொன்னாலோ வெள்ளியாலோ ஆன நகை அணியக் கூடாது என்பது. திருவிதாங்கூரில் மேலாடைக்காகவே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. அம்பேத்கரின் கோட்டும் கழுத்துப்பட்டியும் அந்த வரலாற்றுக்கு அளிக்கப்பட்ட விடை. எனவே எவர் எதை அணியலாம் என்று தீர்ப்பளிக்கும் உரிமை எனக்கோ வேறு எவருக்கோ இல்லை. எவரேனும் மாணவரொருவரின் மணிக்கட்டைப் பார்த்து, "இவருக்கு எதற்கு இது?" என்று கேட்டால், நான் அந்த மாணவரின் பக்கமே நிற்பேன்.

ஆனால் அணியும் உரிமை வேறு, அணிந்தால்தான் மதிப்பு என்ற விதி வேறு. முந்தையது தடையை உடைப்பது. பிந்தையது புதிய தடையை எழுப்புவது. அன்று "நீ அணியாதே" என்றார்கள். இன்று "அணியாவிட்டால் நீ இன்னும் வந்து சேரவில்லை" என்கிறார்கள். இரண்டிலும் நம் தகுதியை நிர்ணயிப்பவர் வேறொருவர். சுயமரியாதை என்னும் சொல்லின் முற்பாதி 'சுயம்'. ஜெனீவாவில் எழுதப்பட்ட விளம்பர வாசகம் அந்தப் பாதியை நிரப்ப முடியாது. அதிலும், நேர்காணல் அறையிலும் மாநாட்டுத் தேநீர் இடைவேளையிலும் சக ஆய்வாளரின் மணிக்கட்டை எடைபோடும் பழக்கத்தை வளர்த்தவர்கள் மாணவர்கள் அல்லர், நிலைபெற்ற பேராசிரியர்கள். அப்பழக்கத்தை முதலில் கைவிட வேண்டியவர்களும் அவர்களே.

இவ்வளவுக்குப் பிறகும், கடனின்றி, சேமிப்பு குலையாமல், அழகுக்காக மட்டுமே வாங்க வல்லவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நேரடி விடை தராமல் நழுவுவது முறையன்று. இரண்டில் ஒன்றெனில் டியூடர். 39 மில்லிமீட்டர் அகலம், சட்டைக் கைக்குள் அடங்கும் தடிமன், முழுச் சாவிக்கு 70 மணி நேர ஓட்டம், தேதிக் கட்டமில்லை, ஹீலியம் வால்வு இல்லை. வெள்ளி மாலை கழற்றி வைத்தாலும் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். பொறியியலில் ஒமேகா ஒரு படி மேல்தான். ஆனால் உங்கள் வாழ்வில் பயன்படாத பொறியியலுக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகத் தருவது ரசனையாகாது. இரண்டில் டியூடரே குறைவான பொய் சொல்கிறது.

ஆயினும் 'முதல்' என்ற அடைமொழியை நான் ஏற்கவில்லை. நம்மில் பெரும்பாலோரின் வீடுகளில் முதல் கடிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. 1961இல் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் உற்பத்தியைத் தொடங்கி, 2016இல் மூடுவிழாக் கண்ட எச்.எம்.டி.யின் கடிகாரமாக அது இருக்கலாம். 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் செய்த கடிகாரமாகவும் இருக்கலாம். ஓய்வூதியத்தில் வாங்கியது, வேலை கிடைத்த மாதத்தில் வாங்கியது, திருமணத்துக்கு மாமனார் போட்டது என ஒவ்வொன்றுக்கும் மெய்யான வரலாறு உண்டு. அவற்றை முதல் என்று எண்ணாமல், ஐந்து லட்சத்தைத் தொட்டால்தான் எண்ணத் தொடங்குவோம் என்பது நம் பெற்றோரின் உழைப்பைப் பூஜ்ஜியமாக்கும் கணக்கு.

ஃபீனிக்ஸ் பே தண்டனைக் குடியேற்றக் காலத்தில் கைதிகளின் பட்டறைகள் இயங்கிய இடம். இன்று தீவுகளுக்கிடையேயான கப்பல்கள் இங்கிருந்தே புறப்படுகின்றன. கப்பல் பழுதுபார்க்கும் தொழிலாளர்களும் மாலுமிகளும் விடியுமுன் வேலைக்கு வருகிறார்கள். கடலின் நேரத்தை அறிந்தவர்கள் இவர்கள். இவர்களுடைய கடல் நம் மணிக்கட்டுக்கு அணியாகும்போது, இவர்களுடைய வேலை நேரமும் ஊதியமும் நம் ஆய்வுக்குப் பொருளாகாமல் போவது ஏன் என்று ஆய்வாளர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுப்போர் மறுக்கலாம். விலைப் பட்டியலோடு அல்லாமல் காரணங்களோடு வாருங்கள். கடனில் வாங்கிய கடிகாரம் ஓர் ஆய்வு மாணவரை எவ்வகையில் விடுவித்தது என்பதற்கு ஒரு நல்ல வாதம் வந்தால், அதற்கு முறையாக விடையெழுதக் காத்திருக்கிறேன்.