ஏணியை மறவாத இசைவாணர்கள்

ஊரறியப் புகழ் பெற்றுவிட்ட ஒருவர் தம் முதல் மேடையை நினைத்துப் பார்ப்பது உண்டா? பெரும்பாலும் இல்லை. நினைத்தாலும், "அந்தச் சின்ன இடத்திலா நான் பாடினேன்!" என்று சிரித்துவிட்டு அப்பால் போகிறவர்களே மிகுதி. ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைப்பது உலக இயல்பாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றை அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் காணலாம். அங்குள்ள 'ஆண்டோன்ஸ்' என்னும் இசைக் கிளப் 2025-ஆம் ஆண்டில் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்தது. இருபதுகளில் அதன் மேடையேறிய கலைஞர்கள் எழுபது வயதைக் கடந்த பின்னும் அதன் பெயரை நன்றியோடு சொல்கிறார்கள். மீண்டும் அங்கே வந்து வாசிப்பதைப் பெருமையாகக் கருதுகிறார்கள். போற்றத்தக்க பண்புதான். ஆனால் போற்றுவதோடு நின்றுவிடாமல், இந்த நன்றி எதற்காக, யாருக்கு உரியது, அதைச் செலுத்தும் முறை எது என்றும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புளூஸ் என்னும் இசை

அந்தக் கிளப்பில் ஒலித்தது புளூஸ் இசை. அது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சொத்து. 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் வாரத்திற்கும் கூலிக்கும் உழைத்து, தீராத கடனில் உழன்ற மக்களிடையே இந்த இசை பிறந்தது. ஓர் அடியைப் பாடி, அதையே மறுபடியும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்வது அதன் எளிய அமைப்பு. ஏடு வேண்டாம், எழுத்து வேண்டாம். ஒரு குரலும் ஒரு கிதாரும் போதும்.

பிழைப்புத் தேடி அம்மக்கள் சிகாகோ முதலிய வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது இசையும் உடன் சென்றது. மதுக்கூடத்து இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டி அது மின்கிதாரை ஏந்தியது. மட்டி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், ஜிம்மி ரீட் போன்ற மேதைகள் அங்கே தோன்றினர். ராக் இசை இந்த இசையின் வயிற்றில் பிறந்த பிள்ளைதான். பிள்ளை கோடி கோடியாகப் பொருள் ஈட்டியது. பெற்ற தாயோ வாசலில் நின்றாள். 1970-களின் நடுவில் புளூஸ் மேதைகளுள் பலருக்கு நல்ல மேடையும் தக்க ஊதியமும் கிடைப்பது அரிதாகவே இருந்தது.

ஓர் இளைஞரின் துணிவு

அந்த நாளில்தான் கிளிஃபோர்ட் ஆண்டோன் என்ற இளைஞர் முன்வந்தார். லெபனான் நாட்டிலிருந்து வந்து டெக்சாஸில் குடியேறிய குடும்பம் அவருடையது. 1975 ஜூலை 15-ஆம் நாள், தமது இருபத்தைந்தாம் வயதில், ஆஸ்டினின் ஆறாம் தெருவில் தம் குடும்பப் பெயரிலேயே கிளப்பைத் திறந்தார். முதல் நாள் வாசித்தவர் லூசியானாவைச் சேர்ந்த அக்கார்டியன் மேதை கிளிஃப்டன் ஷெனியர். பின்னர் மட்டி வாட்டர்ஸ் வந்தார், பி.பி. கிங் வந்தார், ஆல்பர்ட் கிங், ஜான் லீ ஹூக்கர், ஜிம்மி ரீட் எனப் பெரியவர்கள் வரிசையாக வந்தனர். ஹவ்லின் வுல்ஃப் 1976-இல் மறைந்த பின் அவருடைய கிதார்க் கலைஞர் ஹியூபர்ட் சம்லினும் இந்த மேடையில் வாசித்தார்.

வந்தவர்களை ஓரிரவோடு அனுப்பிவிடாமல் பல இரவுகள் தொடர்ந்து வாசிக்கச் செய்தார் ஆண்டோன். இதைச் சிறு செய்தி என்று எண்ணக் கூடாது. ஒரே இரவு என்றால் மேதை வருவார், வாசிப்பார், போய்விடுவார். பல இரவுகள் தங்கினால் உள்ளூர் இளைஞன் முதல் நாள் கேட்கலாம்; இரண்டாம் நாள் விரல்களைக் கூர்ந்து பார்க்கலாம்; மூன்றாம் நாள் அருகில் சென்று பேசலாம்; நான்காம் நாள் "நீயும் மேடைக்கு வா" என்ற அழைப்பே கிடைக்கலாம். புளூஸ் இசையில் பள்ளிக்கூடம் என்பது இதுதான். இசைக் குறிப்பைப் பார்த்துப் படிப்பதைவிட, வல்லவர் பக்கத்தில் நின்று வாசித்துப் படிப்பதே அதன் மரபு.

டல்லாஸிலிருந்து வந்த ஜிம்மி வானும், மவுத்ஆர்கன் வாசிக்கும் கிம் வில்சனும் சேர்ந்து நடத்திய 'ஃபேபுலஸ் தண்டர்பேர்ட்ஸ்' குழு இந்தக் கிளப்பின் சொந்தக் குழுபோல் விளங்கியது. கிம் வில்சனின் வாசிப்பை மட்டி வாட்டர்ஸ் வாயாரப் பாராட்டினார். ஜிம்மியின் தம்பி ஸ்டீவி ரே வான், தாம் வழிபட்ட ஆல்பர்ட் கிங்கோடு இதே மேடையில் நின்று வாசிக்கும் பேறு பெற்றார். பின்னர் 1983-இல் அவ்விருவரும் கனடாவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இணைந்து வாசித்தது இசை உலகம் அறிந்த செய்தி. 1990-இல் ஹெலிகாப்டர் விபத்தில் முப்பத்தைந்து வயதிலேயே ஸ்டீவி மறைந்தார். ஆயினும் உலகமெங்கும் இளைஞர்களைப் புளூஸின் பக்கம் திருப்பியவர்களுள் அவர் முதன்மையானவர்.

வணிகத்திற்கு நன்றி எதற்கு?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கிளப் என்பது ஒரு வணிகம். நுழைவுச் சீட்டு விற்றது, மது விற்றது. கலைஞன் உழைத்தான், கூலி பெற்றான். கணக்கு தீர்ந்தது. இதில் நன்றிக்கு என்ன இடம்?

இந்த வாதத்தில் ஒரு பிழை உண்டு. வணிகன் விற்கும் சரக்கையே கடையில் வைப்பான். 1975-இல் நன்றாக விற்ற சரக்கு புளூஸ் அன்று. ஆண்டோன் சந்தை கேட்டதைக் கொடுக்கவில்லை. தாம் உயர்ந்தது என்று நம்பியதைக் கொடுத்தார். கிளப் பலமுறை இடம் மாறியது. ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தின் அருகே இருந்தது. பணமுடையும் அதனை விடாது தொடர்ந்தது. ஆண்டோன் மாசுமருவற்ற மனிதரும் அல்லர். கஞ்சா வழக்குகளில் இருமுறை சிறை சென்றவர். அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதுமையில் தனித்து நின்ற கலைஞர்களை மதித்து அழைத்தவர் அவர். பிற்காலத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இவ்விசையின் வரலாற்றைப் பாடமாகவும் நடத்தினார். 2006-இல் அவர் மறைந்தபோது ஆஸ்டின் நகரமே வருந்தியது. கூலிக்குக் கூலி என்ற கணக்கில் அடங்காதது எதுவோ அதற்கே நன்றி என்று பெயர்.

மறந்துபோன மற்றொரு படி

இதுவரை சொன்னதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இராது. இனிச் சொல்லப் போவதுதான் எளியேன் உள்ளத்தை உறுத்துவது.

ஆஸ்டினில் புளூஸ் 1975-இல் பிறந்ததா? இல்லை. 1928-ஆம் ஆண்டின் நகரத் திட்டம் கறுப்பின மக்களைக் கிழக்குப் பகுதியில் ஒதுக்கிவைக்க வழி வகுத்தது. அவர்களுக்குரிய பள்ளியும் பூங்காவும் அங்கேதான் என்றாக்கி, மற்ற இடங்களில் அவர்கள் வாழமுடியாதபடி செய்தது. அந்தக் கிழக்குப் பகுதியின் பதினொன்றாம் தெருவில், போர் முடிந்த 1945-இல், ஜானி ஹோம்ஸ் என்பவர் 'விக்டரி கிரில்' என்ற உணவகத்தைத் தொடங்கினார். போரிலிருந்து திரும்பிய கறுப்பினப் படைவீரர்கள் தலைநிமிர்ந்து அமர்ந்து உண்ண நகரில் ஓர் இடம் வேண்டியிருந்தது. நாடு காக்கப் போனவனுக்கு நகரின் நடுவே ஒரு வேளை உணவு மரியாதையாகக் கிடைக்கவில்லை என்பது எவ்வளவு பெரிய கொடுமை! அந்த உணவகமே பிறகு இசைமேடையாக வளர்ந்தது. பி.பி. கிங், பாபி பிளாண்ட் போன்றோர் அங்கே பாடினர்.

அங்கே உருவானவர்தான் டபிள்யூ.சி. கிளார்க். 'ஆஸ்டின் புளூஸின் ஞானத்தந்தை' என்று அவரைச் சொல்வர். இசையை விட்டு மோட்டார் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த அவரைத் தேடிச் சென்று, தம்மோடு சேர்ந்து வாசிக்க அழைத்தவர் ஸ்டீவி ரே வான். 1984-இல் ஸ்டீவியின் இசைத்தட்டில் வெளிவந்து புகழ்பெற்ற 'கோல்ட் ஷாட்' பாடலை எழுதிய இருவருள் கிளார்க் ஒருவர். ஆக, ஆண்டோன்ஸ் மேடைக்கு ஏறிய ஏணியின் அடிப்படி நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இருந்தது.

இன ஒதுக்கல் சட்டப்படி நீங்கிய பின் கறுப்பின மக்கள் நகரின் பிற இடங்களுக்கும் செல்ல முடிந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதன் பக்க விளைவாகக் கிழக்குப் பகுதிக் கிளப்களில் கூட்டம் குறைந்தது, பல மூடப்பட்டன. விக்டரி கிரில் 1988-இல் தீயால் சேதமுற்றது. 1998-இல் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. காலம் தாழ்ந்து வந்த மரியாதை அது.

முதல் மேடையைப் போற்றுகிறவர்கள், அந்த மேடைக்கு அடித்தளமான மேடையையும் போற்ற வேண்டும் என்பதே என் கருத்து. ஆண்டோன்ஸின் பெருமையை இது குறைக்காது. தந்தையை வணங்குகிறவன் பாட்டனை வணங்கினால் தந்தைக்குச் சிறுமை வருமா? வெள்ளை இளைஞர்களின் வெற்றிக் கதையாக மட்டும் இவ்வரலாறு எழுதப்பட்டுவிட்டால், அழுத கண்ணீர் ஒருவருடையது, அணிந்த மாலை மற்றொருவருடையது என்றாகிவிடும். அக்கலைஞர்களுள் சிறந்தோர் இதனை உணர்ந்தே இருந்தனர். 1989-இல் கிளார்க்கின் ஐம்பதாம் பிறந்தநாளுக்கு எடுக்கப்பட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஸ்டீவி, ஜிம்மி, கிம் வில்சன் ஆகியோர் அவரைச் சூழ நின்று வாசித்தனர். தம்மினும் மூத்த படியை அவர்கள் தொட்டு வணங்கிய நாள் அது. கிளார்க் 2024-இல் தம் 84-ஆம் வயதில் மறைந்தார்.

நன்றி செலுத்தும் முறை

விழா எடுப்பது நன்றியின் தொடக்கம், முடிவு அன்று. பாராட்டுரையால் மேடையின் வாடகை கட்டுப்படாது. மேடை தந்தவருக்குச் செய்யும் கைம்மாறு, அடுத்தவனுக்கு அந்த மேடை நிலைக்கச் செய்வதே. அதற்கும் ஆஸ்டினிலேயே சான்று உண்டு.

மட்டி வாட்டர்ஸுக்குப் பியானோ வாசித்த பைன்டாப் பெர்க்கின்ஸ் தம் முதுமையில் ஆஸ்டினில் வந்து தங்கினார். 2011 பிப்ரவரியில், 97 வயதில், கிராமி விருது பெற்றார்; அடுத்த மாதமே மறைந்தார். தொண்ணூறு கடந்த அம்முதியவரை மதித்துக் கேட்க ஒரு நகரமே இருந்தது. ஆண்டோன் விதைத்த விதை அது. மற்றொருவர் கேரி கிளார்க் ஜூனியர். 1984-இல் ஆஸ்டினிலேயே பிறந்த கறுப்பின இளைஞர். பதின்வயதிலேயே ஆண்டோன்ஸ் மேடையேறி, ஆண்டோனின் அன்பும் ஊக்கமும் பெற்று வளர்ந்தவர். உலகப் புகழ் பெற்ற பின் அவர் வாழ்த்துச் செய்தி அனுப்பியதோடு நிற்கவில்லை. நின்றுபோயிருந்த கிளப் ஐந்தாம் தெருவில் மீண்டும் உயிர்பெற்றபோது அதன் பங்குதாரர்களுள் ஒருவரானார். தான் ஏறிய ஏணியைத் தானே தோள்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். ஏணி ஒருவாறு அதனை முதலில் செய்தவர்களின் வழித்தோன்றலிடமே திரும்பி வந்திருக்கிறது.

மாணவ நண்பர்களே! நாமும் ஏதோ ஒரு சிறிய மேடையில், யாரோ ஒருவர் "வா" என்று அழைத்ததால், நடுங்கும் காலோடு ஏறியவர்கள்தாம். நாளை நாம் எங்கோ உயர்ந்து நிற்கும்போது அந்த ஒருவரை நினைத்துக் கைகூப்புவது நன்று. அவரை ஏற்றிவிட்ட அறியப்படாதவரையும் தேடிக் கைகூப்புவது அதனினும் நன்று. கூப்பிய அந்தக் கையாலேயே கீழே நிற்கும் ஒருவனைத் தூக்கிவிடுவதே எல்லாவற்றினும் நன்று.