தேனும் சேனையும்

தமிழ் பயிலும் நமக்குத் தேன் என்றவுடன் நினைவில் எழுவது உவமையே. ஆயின் அது நல்ல மருந்துமாகும் என்பதைப் பண்டை எகிப்தியர் அறிந்திருந்தனர். எட்வின் ஸ்மித் பெயரால் வழங்கும் பாப்பிரஸ் சுருள், புண்ணுக்குக் கொழுப்பும் தேனும் செடிநாரும் வைத்துக் கட்டுமாறு விதிக்கின்றது.

இதனை மூடப் பழக்கமென இகழ்வார்க்கு இன்றைய இரசாயன நூலே விடை கூறும். தேனில் நீர் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே. எஞ்சியதிற் பெரும்பகுதி சர்க்கரை. அத்துணைச் செறிந்த பாகில் வீழ்ந்த கிருமி, தன் உடலின் நீரை இழந்து, பெருக வகையின்றி வாடும். தேனின் புளிப்பும் அதற்குப் பகையே. மற்றொன்று பெரிதும் வியக்கத்தக்கது. தேனீ தன் தலையிலுள்ள சுரப்பியினின்று குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதியைத் தேனிற் கலக்கின்றது. கெட்டித் தேனில் அஃது உறங்கிக் கிடக்கும்; புண்ணின் நீர் பட்டவுடன் விழித்தெழுந்து, ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சிறிது சிறிதாக உண்டாக்கும். புண் கழுவுவதற்கென மருந்துக்கடையில் விற்கும் நீர்மத்திலுள்ளதும் இப்பொருளே. தேன் தோய்ந்த கட்டுத்துணியை அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2007-ஆம் ஆண்டில் அனுமதித்தது.

ஆதலின் தேனைப் புகழ்வாரோடு எமக்கு வழக்கில்லை. ‘இயற்கைப் பொருள், ஆகவே தீங்கில்லை’ என்பாரோடுதான் வழக்கு. கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமி, தடித்த ஓட்டினுள் வித்தாய் ஒடுங்கித் தேனில் நெடுங்காலம் கிடக்கவல்லது. கொதிநீரின் வெப்பத்திற்கும் அவ்வித்து அஞ்சாது. வளர்ந்தோர் குடலில் அது முளைப்பது அரிது. பச்சிளங் குழந்தையின் குடலிலோ முளைத்து நஞ்சு கக்கும். முதலில் மலச்சிக்கல், பின்னர்ப் பால் உறிஞ்ச வலியின்மை, அழுகை மெலிதல், தலை துவளுதல், முற்றினால் மூச்சும் தடைப்படும். குழந்தைகட்கு வரும் இந்நோய் இன்னதென்று 1976-இல்தான் அறியப்பட்டது. மருத்துவமனைத் தேனைக் காமாக் கதிரால் தூய்மை செய்வதும் இவ்வித்தின் பொருட்டே.

நம் இல்லங்களிலோ, பிள்ளை பிறந்தவுடன் நற்குணமுடைய பெரியவர் ஒருவர் சேனை வைக்கின்றார். சில வீடுகளில் சர்க்கரை நீர், சில வீடுகளில் தேன். அவர் குணம் குழந்தைக்கும் வாய்க்கும் என்னும் நம்பிக்கை அழகியதே. அவர் அன்பை ஐயுறுவார் யார்? எனினும் அவர் விரலிலுள்ள தேனை மறுத்தே ஆகல் வேண்டும். பாட்டியார் மனம் நோவாரே என்று பட்டம் பெற்றோரும் வாளாவிருத்தல் முறையன்று.

கிருமியை எதிர்க்கும் இயற்கைப் பொருள்தான் வேண்டுமெனின், தாயின் சீம்பால் உளது. அதிலுள்ள லாக்டோபெரின் என்னும் புரதம், கிருமிகட்கு இரும்புச்சத்துக் கிட்டாதவாறு அதனைத் தான் பற்றிக்கொள்ளும். உடன் வரும் எதிர்ப்புப் பொருள்கள் குடலின் உட்சுவரைக் காக்கும். ஓராண்டு நிறைந்தபின் பாட்டியார் விரும்பியவாறே தேன் ஊட்டலாம்.