இடுப்புத் தள வலையும் இழுத்தடிக்கப்படும் இழப்பீடும்: பிரித்தானியத் தமிழ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு ஆணையாளர் ஹென்றியெட்டா ஹியூஸ் 2024 பெப்ரவரி 7ஆம் திகதி வெளியிட்ட அறிக்கை, இடுப்புத் தள வலையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு முதற்கட்டமாக 20,000 பவுண் இடைக்கால இழப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வறிக்கை வெளியாகி ஓராண்டு கழிந்து, இடையில் பொதுத் தேர்தல் நடந்து ஆட்சியும் மாறிய பின்பும், அத்திட்டத்தின் கீழ் ஒரு பவுண் கூட எவர் கைக்கும் போய்ச் சேரவில்லை. பரிந்துரைகள் பரிசீலிக்கப்படுகின்றன என்ற பதிலே திரும்பத் திரும்பக் கிடைத்தது. பிரித்தானியாவில் வாழும் தமிழ்ப் பெண்களும் சுகாதாரத் துறையில் பணியாற்றும் தமிழர் சிலரும் சேர்ந்து விடுக்கும் இவ்வேண்டுகோள், இந்த இழுத்தடிப்பைத் தமிழ்ச் சமூகம் வேறு யாருடைய விவகாரமோ என்று பார்த்துக்கொண்டிருக்கலாகாது என்பதற்காக எழுதப்படுகிறது.

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் தசைகளும் இணைப்புத் திசுக்களும் சேர்ந்ததே இடுப்புத் தளம். பிரசவங்களாலும் மாதவிடாய் நின்ற பின் வரும் தளர்ச்சியாலும், பாரம் தூக்குவதாலும் நாட்பட்ட இருமலாலும் அத்தளம் நலிவுறும்போது, உறுப்புகள் யோனிச் சுவரை அழுத்திக்கொண்டு கீழிறங்குகின்றன. சிலருக்கு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. இதற்குச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர், அப்பெண்ணின் சொந்தத் திசுவையே மடித்துத் தைக்கலாம். அல்லது பொலிப்புரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் பின்னிய செயற்கை வலையை வைத்து முட்டுக் கொடுக்கலாம். அல்லது பன்றியின் தோல், பன்றிக் குடலின் உட்படலம், மாட்டின் இதயவுறை, இறந்த கொடையாளியின் தசையுறை போன்றவற்றிலிருந்து உயிரணுக்களை நீக்கிப் பதப்படுத்திய உயிரியல் ஒட்டுத்திசுவை வைக்கலாம். வலை நிரந்தரமாக உடலில் தங்கிவிடுவது. ஒட்டுத்திசுவோ பெரும்பாலும் மெல்லக் கரைந்து, அதன் இடத்தை உடல் தன் சொந்த நார்த்திசுவால் நிரப்பிக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பில் வைக்கப்படுவது.

ஹேர்னியாவுக்கு வயிற்றுச் சுவரில் பல்லாண்டுகளாக வைக்கப்பட்டு வந்த வலை, அதே துணிவில் யோனிச் சுவருக்கும் கொண்டுவரப்பட்டது. நுண்ணுயிர்கள் இயல்பாகவே வாழ்கின்ற, மெல்லிய, உடலுறவிலும் நடமாட்டத்திலும் ஓயாது அசைகின்ற ஓரிடம் அது என்பது போதிய அளவு கருதப்படவில்லை. அமெரிக்காவில் சிறுநீர்க் கசிவைத் தடுக்க வைக்கப்படும் புரொட்டெஜென் என்ற செயற்கைப் பட்டி 1996இல் அனுமதி பெற்றது; அதை ஒத்தது என்ற அடிப்படையில் 1998இல் இன்னொரு பட்டி அனுமதி பெற்றது; முன்னது தீங்கு விளைவிப்பதாகக் கண்டு 1999இல் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்ட பின்பும், அதைக் காட்டி வந்த பின்னது விற்பனையில் தொடர்ந்தது. பெண்களிடம் நீண்டகாலம் சோதித்துப் பாராமல், முன்பிருந்த பொருளை ஒத்திருக்கிறது என்பதையே சான்றாகக் கொண்டு இத்தகைய பொருட்கள் கடைக்கு வந்த வழி இதுதான். இங்கிலாந்தில் மட்டும் 2008க்கும் 2017க்கும் இடையில் 100,516 பெண்களுக்குச் சிறுநீர்க் கசிவுக்கான பட்டியும், 27,016 பெண்களுக்கு உறுப்பு இறக்கத்துக்கான வலையும் வைக்கப்பட்டதாகத் தேசிய சுகாதார சேவையின் பதிவுகளே கூறுகின்றன.

வலையை ஆதரித்த வைத்தியர்கள் அனைவரும் தீய எண்ணத்தோடு செயற்பட்டனர் என்று சொல்வது நியாயமாகாது. 2011இல் வெளியான நோர்டிக் நாடுகளின் ஆய்வில், 389 பெண்களுள் வலை வைக்கப்பட்டோரில் 60.8 வீதத்தினர் ஓராண்டின் பின் வெற்றி எனக் கணிக்கப்பட்டனர். சொந்தத் திசு தைக்கப்பட்டோரில் அந்த வீதம் 34.5 மட்டுமே. இந்த எண்ணைப் பார்த்த எவரும் வலையின் பக்கம் சாய்ந்திருப்பர். ஆனால் அதே ஆய்வில் சத்திரசிகிச்சையின்போது சிறுநீர்ப்பை துளைபட்டது வலைக் குழுவில் 3.5 வீதம், மற்றக் குழுவில் 0.5 வீதம், வெளியே தலைநீட்டிய வலைக்காக மீண்டும் கத்தி வைக்கப்பட்டவர்கள் 3.2 வீதம்.

எந்தப் பொருள் எதைவிட மேல் என்ற கேள்வியை நேருக்கு நேர் வைத்துச் சோதித்த பெரிய ஆய்வு பிரித்தானியாவிலேயே நடந்தது. புரொஸ்பெக்ட் எனப்படும் அவ்வாய்வு, 35 மருத்துவ நிலையங்களில் 2010 முதல் 2013 வரை 1,352 பெண்களைச் சேர்த்து, சொந்தத் திசுத் தையல், செயற்கை வலை, உயிரியல் ஒட்டுத்திசு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, 2016 டிசம்பரில் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டது. வலையோ ஒட்டுத்திசுவோ வைக்கப்பட்ட பெண்களின் அறிகுறிகளும் வாழ்க்கைத் தரமும், வெறும் தையல் போடப்பட்டோருடையதைவிட மேம்படவில்லை. வலை வைக்கப்பட்ட 434 பேரில் 51 பேருக்கு, அதாவது 12 வீதத்தினருக்கு, இரண்டாண்டுக்குள் வலை சார்ந்த சிக்கல் நேர்ந்தது. எந்தப் பயனையும் கூட்டாமல் பத்தில் ஒருவருக்கு மேல் தீங்கு செய்த பொருள் ஒன்று, அந்த உண்மை கண்டறியப்படுவதற்கு முன்பே பல்லாயிரம் பெண்களின் உடலுக்குள் போய்விட்டிருந்தது. சிகிச்சையில் நேரக்கூடிய தற்செயல் பக்கவிளைவு என்று இதைக் கூறுவோர், ஆய்வு முதலிலும் விற்பனை பிறகும் நடந்திருக்க வேண்டிய ஒழுங்கு தலைகீழாக்கப்பட்டதை மறைக்கின்றனர். இழப்பீடு கருணையாக அல்லாமல், தீர்க்க வேண்டிய கடனாகவே கேட்கப்படுவது இதனால்தான்.

பாதிப்பு எப்படிப்பட்டது என்பதைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. வலை யோனிச் சுவரை அறுத்துக்கொண்டு வெளிவரும்போது, அதன் ஓரம் கத்தரித்த மீன்பிடி நரம்பைப்போல் விரலில் குத்துகிறது. உடலுறவின்போது கணவரும் காயப்படுகிறார். நாற்காலியில் பத்து நிமிடம் அமர முடியாத தொடை வலியும், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றும், வேலையை விட்டு விலகலும், மணவாழ்வு முறிதலும் விசாரணைகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. வலையின் கண்களூடாகத் திசு வளர்ந்து இறுகிவிடுவதால், அதை எடுப்பது வைப்பதைவிடக் கடினமானது. பலருக்குத் துண்டு துண்டாகப் பல தடவை எடுத்தும் முழுமையாக எடுக்க முடிவதில்லை.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான மூன்றாண்டில் 2,874 முறைப்பாடுகளைப் பெற்று, 2011 ஜூலையில் இச்சிக்கல்கள் அரிதானவையல்ல என்று அறிவித்தது. 2019 ஏப்ரலில் யோனிவழி இறக்கச் சிகிச்சைக்கான வலைகளின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. அவுஸ்திரேலியா 2017 நவம்பரிலேயே அவற்றின் பதிவை நீக்க முடிவெடுத்தது. அங்கு 2022இல் வலை உற்பத்தி நிறுவனம் ஒன்று பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 300 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வழங்க உடன்பட்டது. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் வலைச் சிகிச்சை இடைநிறுத்தப்பட்டது. 2020 ஜூலையில், வலை உள்ளிட்டவற்றால் நேர்ந்த தீங்கை ஆராய்ந்த கம்பர்லெஜ் பெருமாட்டியின் விசாரணை அறிக்கை வெளிவந்தது, அரசு மன்னிப்புக் கேட்டது, பிறகு 2021இல் சுயாதீன இழப்பீட்டு முகமை வேண்டும் என்ற பரிந்துரையை அதே அரசு நிராகரித்தது. மன்னிப்புக் கேட்ட வாயால் பணத்தை மறுப்பது எந்த வகை மன்னிப்பு என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். ஸ்கொட்லாந்தோ, தனியார் மருத்துவரிடம் சொந்தச் செலவில் வலையை அகற்றிக்கொண்டவர்களுக்கு அச்செலவைத் திருப்பித் தருவதற்கென 2022இல் சட்டமே இயற்றியது.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் காலவரம்பை மறந்துவிடுகின்றனர். 1987ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள ஒரு பொருள் சந்தைக்கு விடப்பட்டுப் பத்தாண்டு கடந்தால் அதன் உற்பத்தியாளர் மீது வழக்கிடும் உரிமை அற்றுப்போகிறது. ஆறேழு ஆண்டு தன் வலி வயதின் கோளாறு என்று சொல்லப்பட்டு, பிறகு வலையைப் பற்றி அறிந்து, அதன் பின் வழக்கறிஞரைத் தேடும் பெண்ணுக்கு இந்தப் பத்தாண்டு எவ்வளவு விரைவில் முடியும் என்பதை விளக்கத் தேவையில்லை. அரசின் ஒவ்வொரு மாதத் தாமதமும் இன்னும் சில பெண்களின் வழக்கை மூடிவிடுகிறது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது ஹியூஸ் பரிந்துரைத்த திட்டம் ஒன்றே.

வலை போன இடத்துக்கு உயிரியல் என்ற சொல் இப்போது வந்துகொண்டிருப்பதும் எச்சரிக்கைக்குரியது. இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது என்ற எண்ணம் தமிழரிடையே எளிதில் பற்றிக்கொள்ளும். ஒட்டுத்திசு யோனிச் சுவரை அறுத்துக்கொண்டு வருவது வலையைவிடக் குறைவு என்று சில ஆய்வுகள் காட்டியது உண்மை. ஆனால் யோனிவழிச் சிகிச்சையில் அது தையலைவிட மேலானது என்று புரொஸ்பெக்ட் காட்டவில்லை. இறங்கிய உறுப்பை வயிற்றின் வழியாகத் தூக்கிக் கட்டும் சிகிச்சையில், 2005இல் வெளியான ஓர் ஒப்பீட்டின்படி ஓராண்டு வெற்றி செயற்கை வலைக்கு 91 வீதமாகவும் கொடையாளித் தசையுறைக்கு 68 வீதமாகவும் இருந்தது. ஆகவே எந்த இடத்தில், எந்த வழியாக என்று கேளாமல் பொருளின் பெயரை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிறுநீர்க் கசிவுக்கு நோயாளியின் சொந்த வயிற்றுத் தசையுறையிலிருந்து எடுக்கும் பட்டி நீண்டகாலமாகவே இருக்கிறது. 655 பெண்களைக் கொண்ட 2007ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில் அது கசிவை நிறுத்துவதில் தையல் முறையைவிடச் சிறந்ததாகவும், சிறுநீர் கழிக்கும் சிரமத்தைக் கூட்டுவதாகவும் தெரியவந்தது. பன்றித் தோலா மாட்டின் இதயவுறையா என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே அறிவது சைவப் பெண்ணுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் உரிய உரிமை. கையொப்பம் வாங்கும் தாளில் ஒட்டுத்திசு என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடுவது அவ்வுரிமையைப் பறிப்பதாகும்.

இந்த இடத்தில் தமிழ்ச் சமூகமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் போதாத தாய்மாருக்கு வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பவர் மகனாகவோ மருமகனாகவோ இருக்கும்போது, உடலுறவில் வலி உண்டா என்று வைத்தியர் கேட்கும் கேள்வி அந்த அறையில் மொழிபெயர்க்கப்படுவதே இல்லை. தாய் தலையாட்டுகிறார், மகன் இல்லை என்கிறார், குறிப்பேட்டில் இல்லை என்று பதிவாகிறது. இலவசமான தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற வழியிருந்தும் இவ்வாறு நடப்பது வெட்கத்துக்குரியது. பழைய மாணவர் சங்க இராப்போசனங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஆயிரக்கணக்கில் திரளும் சமூகத்தில், கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றி ஒரு மாலைக் கூட்டம் நடத்த மண்டபம் கிடைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

எனவே இக்குழு கேட்பவை இவை. ஒவ்வொரு குடும்பமும் தன் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு, ஹியூஸ் அறிக்கையின் இடைக்கால இழப்பீடு எந்தத் திகதியில் தொடங்கும் என்று கேட்டு எழுத வேண்டும். திகதி இல்லாத பதிலைப் பதிலாக ஏற்க வேண்டாம். இடுப்புத் தளச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்கள், தம் உடலில் வைக்கப்பட்ட பொருளின் பெயரும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் உள்ள சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியை வைத்தியசாலையிடம் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். தீங்கு நேர்ந்திருந்தால், மருந்துகளாலும் மருத்துவக் கருவிகளாலும் நேரும் தீங்கைப் பதிவுசெய்யும் மஞ்சள் அட்டை முறையின் கீழ் நோயாளியே நேரடியாக முறைப்பாடு செய்யலாம். தமிழ்ப் பெயர்கள் அந்தப் பதிவுகளில் இல்லாதவரை, தமிழ்ப் பெண்களுக்கு எதுவும் நேரவில்லை என்றே அரசு கணக்கு வைத்துக்கொள்ளும். வாக்குக் கேட்டுத் தமிழ்க் கடைத்தெருவுக்கு வரும் உறுப்பினர்கள் இக்கேள்விக்கு என்ன பதில் தந்தனர் என்பதைத் தொகுதி வாரியாகத் தமிழ் வாக்காளர் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தேர்தலில் அதைக் கொண்டே அவர்களை அளக்க வேண்டும்.