நுவார்த்தியே தாத்தாவின் அகராதி

வில்லன் என்று வந்துவிட்டால் ஒரு கால் விந்த வேண்டும், இல்லையென்றால் ஒரு கண்ணாவது பூ விழுந்திருக்க வேண்டும். அதுவும் போதாதென்றால் சக்கர நாற்காலி. கதை எழுதுகிறவர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ, உலகம் பூராவும் ஒரே பாடத்திட்டம். ஹீரோவுக்குக் கையில் அடிபட்டால் இடைவேளைக்குள் ஆறிவிடும். வில்லனுக்கு மட்டும் ஆறவே ஆறாது.

இந்த வார எரிச்சலுக்குக் காரணம் அக்கா மகன். லீவுக்கு வந்தவன் என் வீட்டு டிவியில் ‘பிரேக்கிங் பேட்’ நான்காவது சீசனை ஒரே மூச்சில் பார்த்து முடித்தான். முடித்த கையோடு, “செஞ்ச பாவத்துக்கு அந்தக் கிழவன் நல்லா அனுபவிச்சான் மாமா” என்றான். அன்றைக்குச் சாப்பாடு எனக்குச் சரியாக இறங்கவில்லை.

கிழவன் என்றது ஹெக்டர் சலமான்காவை. மெக்ஸிகோ போதைக் கும்பலின் பழைய தலை. பக்கவாதம் வந்து பேச்சு போய், ஒரு விரலில் மட்டும் உயிர் மிச்சமிருக்கும். நாற்காலிக் கையில் ஒரு மணி. ஹோட்டல் வரவேற்பு மேசையில் தட்டிக் கூப்பிடுவோமே, அந்த வகை. ஆமாம் என்றால் ஒரு ‘டிங்’. 2009-ல் இரண்டாவது சீசனில் முதல்முறை வருகிறார். மருமகன் டூக்கோவின் சாப்பாட்டில் விஷம் கலந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த ஒற்றை மணியை வைத்துக்கொண்டே காட்டிக்கொடுத்துவிடுவார். வீட்டில் எல்லோரும் அவரை மேசை நாற்காலிக் கணக்கில் சேர்த்திருக்க, அறையில் நடந்ததை முழுசாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பையனைத் திட்டியும் பிரயோஜனமில்லை. கதையும் அப்படித்தான் ஜோடித்திருக்கிறது. பக்கவாதம் என்பது மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்படுவது, அல்லது ரத்தக் குழாய் வெடிப்பது. அது யமதர்மன் நீதிமன்றத்துத் தீர்ப்பு என்று நினைத்தால், நம் தெருவில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள எத்தனை நல்லவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்! அரசு அலுவலகச் சாய்தளத்தின் சரிவைப் பற்றி நான் எழுதியபோது, ‘உங்களுக்கு வேறு விஷயமே கிடையாதா’ என்று கேட்ட வாசகர் இதற்கும் எழுதுவார். எழுதட்டும்.

ஆனால் இந்தத் தொடரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. இதே தொடரில் கதாநாயகனின் மகனாக வரும் ஆர்.ஜே. மிட்டே நிஜமாகவே பெருமூளை வாதம் உள்ளவர். ஊன்றுகோலோடு வந்து, டிபன் சாப்பிட்டு, அப்பாவிடம் கத்திவிட்டுப் போகும் சாதாரணப் பையன். அனுதாபப் பின்னணி இசை கிடையாது. ஹெக்டராக நடித்த மார்க் மார்கோலிஸ் உடல் ஊனமில்லாதவர். 2023-ல் காலமானார். பக்கவாதம் வந்து பேச முடியாமல் போன தன் மாமியாரிடமிருந்துதான் அந்த வாயசைவை எடுத்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் வசனமே இல்லாத பாத்திரத்துக்கு 2012-ல் எம்மி பரிந்துரை கிடைத்தது.

பையன் இன்னும் பார்க்காதது, முன்கதையான ‘பெட்டர் கால் சால்’. விஷயமே அதில்தான் இருக்கிறது. ஹெக்டருக்குப் பக்கவாதம் வருவதற்கு ஒரு கையாள் அவருடைய இதய மாத்திரையை மாற்றிவைத்தது காரணம். அதைவிட மோசம் பின்னால் வருகிறது. பரம எதிரியான கஸ் ஃப்ரிங், பெரிய மருத்துவரை வரவழைத்துத் தன் செலவில் சிகிச்சை கொடுக்கிறார். கிழவர் தேறி வருகிறார். ஒருநாள் வேண்டுமென்றே தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுகிறார். நர்ஸ் குனிந்து துடைப்பதை ரசிக்க! வீடியோவில் அதைப் பார்த்த கஸ்ஸுக்குப் புரிந்துவிடுகிறது, உள்ளே பழைய ஹெக்டர் பத்திரமாக இருக்கிறான் என்று. அத்தோடு சிகிச்சையை நிறுத்திவிடுகிறார். இன்னும் தேற வாய்ப்பிருந்த மனிதர் ஒரு விரலோடு நின்றுபோனது அப்படித்தான். நோய் கொஞ்சம் எடுத்துக்கொண்டது, மிச்சத்தை எதிரி நிறுத்திவைத்தான். மணிகூடப் பிறகு லாலோ என்ற மருமகன் கொண்டுவந்து கொடுத்ததுதான்.

இந்த இடத்தில் நான் பிரெஞ்சு நாவலாசிரியர் டூமாவிடம் போகப்போகிறேன். ‘மாண்டி கிறிஸ்டோ’ என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடும் வாசகர்கள் இருப்பது எனக்குத் தெரியும். இந்தமுறை புதையல், சிறை, பழிவாங்கல் எதுவும் வராது. நுவார்த்தியே தாத்தா மட்டும்தான்.

1844-லிருந்து பாரிஸ் பத்திரிகையில் தொடராக வந்த கதை. நுவார்த்தியே, நெப்போலியன் கட்சிக்காரர். ரகசியச் சங்கத்தின் தலைவர். கையில் ரத்தக் கறை உண்டு. ஹெக்டருக்குத் தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவாதம் வந்து, பார்வையும் செவியும் மட்டும் மிச்சம். மகன் வில்ஃபோர் அரசு வழக்கறிஞர். பேத்தி வலாந்தீன். கண்ணை மூடினால் ஆமாம். பலமுறை சிமிட்டினால் இல்லை. மேலே பார்த்தால் ஏதோ சொல்ல வேண்டும் என்று அர்த்தம். வலக்கண்ணை மட்டும் மூடினால் பேத்தியைக் கூப்பிடுகிறார், இடக்கண் என்றால் வேலைக்காரர் பாருவாவை. மகனுக்கென்று ஒரு கண் ஒதுக்கவில்லை, கவனியுங்கள்.

ஒருநாள் தாத்தா மேலே பார்க்கிறார். பேத்தி எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள். ‘என்’ வந்ததும் கண் மூடுகிறது. அடுத்த எழுத்தும் பிடிபட்டதும் அகராதியை எடுத்து, பத்தி பத்தியாக விரலை ஓட்டுகிறாள். ‘நோட்டரி’யில் விரல் நிற்கிறது. உயில் எழுத ஆள் வேண்டுமாம்! வந்த நோட்டரி, பேச முடியாதவர் உயில் எப்படிச் செல்லும் என்று இழுக்கிறார். பேத்தி அவர் கண்முன்னே செய்து காட்டுகிறாள். சொத்து எவ்வளவு என்று லட்சம் லட்சமாக ஏற்றிக்கொண்டே போய், 9 லட்சம் பிராங்கில் கண் நிறுத்துகிறது. தனக்குப் பிடிக்காத மாப்பிள்ளையைப் பேத்தி கட்டினால் அவ்வளவும் ஏழைகளுக்கு என்று உயில். வீடே ஆடிப்போகிறது.

அந்த மாப்பிள்ளை, ஃபிரான்ஸ், பின்னொரு நாள் அதே அறைக்கு வருகிறான். அவன் குழந்தையாக இருந்தபோது, 1815-ல், அவனுடைய அப்பா கொல்லப்பட்டார். தாத்தா ஒரு பழைய ஆவணத்தை எடுக்கவைத்து அவனையே உரக்கப் படிக்கவைக்கிறார். அப்பா சங்கத்தின் தலைவரோடு ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டையில் செத்தார் என்று தெரிகிறது. அந்தத் தலைவர் யார்? தாத்தாவின் கண் அகராதிக்குப் போகிறது. வலாந்தீன் முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். ஃபிரான்ஸே நடுங்கும் கையோடு அகராதியைப் பிரிக்கிறான். ‘எம்’ என்ற எழுத்தில் கண் மூடுகிறது. விரல் சொல் சொல்லாக இறங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று சிமிட்டல். கடைசியில் ‘நான்’ என்ற சொல்லில் விரல் வந்து நிற்கிறது.

இதை எத்தனைமுறை படித்தாலும் எனக்குத் தாத்தாவைவிட அந்த விரல்மீதுதான் கண். அப்பாவைக் கொன்றவனின் வாக்குமூலத்தை மகன் தன் விரலாலேயே தேடியெடுக்கிறான். பாதியில் அகராதியை மூடியிருக்கலாம். மூடவில்லை.

மூடிவிடுகிறவர்களை எமில் ஸோலா காட்டுகிறார், 1867-ல், ‘தெரேஸ் ராக்கான்’ நாவலில். மகனைக் கொன்றது மருமகளும் அவள் காதலனும்தான் என்று தெரிந்துகொண்ட முடங்கிப்போன கிழவி, விருந்தாளிகள் முன்னால் மேசைமீது விரலால் எழுதத் தொடங்குகிறாள். இரண்டு பேரின் பெயரும் எழுதியாயிற்று. வினைக்கு வரும்போது விரல் ஓய்ந்துவிடுகிறது. உடனே குடும்ப நண்பர் ஒருவர், அவள் மனசு தனக்கு அத்துப்படி என்கிற தோரணையில், ‘இருவரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்’ என்று முடித்துவைக்கிறார். கொலைகாரனை நான் மன்னித்துவிடுவேன். இந்த ஆளை மாட்டேன்.

ஏனென்றால் எங்கள் குடும்பமே அந்த ஆள்தான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதம். வலது பக்கம் வரவில்லை, பேச்சு குழறிக் குழறி நின்றேவிட்டது. மொழி மூளையில் அப்படியே இருக்கிறது, நாக்குதான் ஒத்துழைக்கவில்லை என்றார் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். (எல்லோருக்கும் அப்படி இல்லை, சிலருக்குச் சொல்லே உள்ளுக்குள் கலைந்துவிடும், அவர்களுக்கு எழுத்து காட்டியும் பயனில்லை.) சித்தப்பா இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டுவார். “காத்து வேணுமாம்” என்பாள் சித்தி. ஜன்னலைத் திறப்போம். அவர் இன்னும் கோபமாகக் காட்டுவார். “ஃபேன் போடச் சொல்றார்” என்பேன் நான். ஃபேன். முகம் சிவந்துவிடும். “பாவம், பழசெல்லாம் ஞாபகம் வருது போல” என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பாத்திரம் தேய்க்க வரும் அம்மாதான் ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். “வெளியிலயா அய்யா?” கை அசைந்தது. “கீழயா?” அசையவில்லை. “மேலயா?” அசைந்தது. “துணியா? பூனையா? தண்ணியா?” மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்திருக்கிறது. மோட்டாரை அணை என்று மின்வாரியக்காரர் ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை அக்கா மகனிடம் சொன்னேன். பாவம், புண்ணியம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அட்டை தயாரிக்கலாம் என்றான். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து; நமக்கு 247 ஆயிற்றே என்று முதலில் தயங்கினோம். ஆனால் நம்முடையது ஏற்கெனவே கட்டம் போட்டு வைத்தது போலத்தான்: முதலில் 18 மெய்யில் எது, பிறகு 12 உயிரில் எது. இரண்டு கேள்வியில் உயிர்மெய் எழுத்து வந்துவிடும். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் போபி, 1995-ல் பக்கவாதத்தில் முடங்கி, இடக்கண் சிமிட்டலிலேயே ஒரு புத்தகம் சொல்லி எழுதவைத்தாரே, அவருக்காக அடிக்கடி வரும் எழுத்துகளை முன்னால் வைத்துப் படித்தார்கள். (பக்கவாதத்துக்கு முன் அவர் ‘மாண்டி கிறிஸ்டோ’வைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாராம். நான் ஒன்றும் சொல்லவில்லை.) நாமும் அப்படி மாற்றுவோம் என்றேன். அகர வரிசை மனப்பாடம் ஆன மனுஷரைக் குழப்பாதே என்றான் பையன். சரியென்றுதான் பட்டது.

சித்திக்கு அட்டை பிடிக்கவில்லை. “நாப்பது வருஷமா பாக்கறேன், அவர் மனசுல இருக்கறது எனக்குத் தெரியாதா?” என்கிறாள். போதைத் தடுப்புத் துறை அலுவலகத்தில் ஹெக்டருக்கு எழுத்தட்டை பிடித்த நர்ஸின் காட்சியை அவளுக்குப் போட்டுக்காட்டலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். அதிகாரிகள் ரகசியம் வரப்போகிறது என்று காத்திருக்க, கிழவர் எழுத்தெழுத்தாகச் சொல்வது ஒரு பச்சைக் கெட்ட வார்த்தை. நர்ஸ் முகம் சுளிக்காமல், முடித்துவைக்காமல், ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக்கொண்டே போவார்.

ஙகர வரிசையையும் ஞகர வரிசையையும் எடுத்துவிட்டால் அட்டை சின்னதாகும், சித்தப்பாவுக்கு எங்கே அதெல்லாம் வேண்டியிருக்கப்போகிறது என்று பையன் கேட்டான். எடுக்காதே என்றேன். முப்பது வருஷம் லைன்மேன்களோடு மல்லுக்கட்டியவர். அவர் திட்ட ஆரம்பித்தால் எந்த எழுத்து வேண்டியிருக்குமோ, யார் கண்டது!