ஓ.சி.க்கு எதற்கு நாற்பதாயிரம்?

நான்கு பேர் கூடினால் ஐந்து ரசிகர் மன்றம் வைக்கிற இனம் நாம். எம்.ஜி.ஆரா சிவாஜியா, ரஜினியா கமலா, விஜய்யா அஜித்தா என்று அடித்துக்கொண்டது போக மிச்சமிருக்கும் சக்தியை இப்போது ஒரு கம்ப்யூட்டர் பாகத்துக்குச் செலவழிக்கிறோம். தர்மபுரியிலோ அரூரிலோ விவரம் தெரிந்த கல்லூரிப் பையன்கள் நான்கு பேரிடம், 'எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?' என்று கேட்டுப் பாருங்கள். "ஏசுஸ்தான் சார் கெத்து." "போங்கணா, எம்.எஸ்.ஐ. முன்னாடி நிக்குமா?" "ஜோட்டாக்கா? அதெல்லாம் ஒரு கார்டா?" அடிதடி ஆகாமல் தடுக்க நீங்கள் டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அத்தனை பேரும் ஒரே படத்துக்குத்தான் கை தட்டுகிறார்கள். போஸ்டர் மட்டும்தான் வேறு.

கிராபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டரில் படம் வரைவதற்கென்றே இருக்கும் தனி மூளை. கேம்ஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்தால் தப்பு. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர், த்ரீ-டி பழகும் பையன், ஏ.ஐ. கற்கும் இன்ஜினீயரிங் மாணவி, எல்லோருக்கும் அது தொழில் கருவி. தையல்காரருக்கு மெஷின் மாதிரி. அந்த மூளையை வடிவமைப்பது கலிபோர்னியாவில் இருக்கும் என்விடியா. அச்சடித்துக் கொடுப்பது தைவானின் டி.எஸ்.எம்.சி. ஏசுஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், ஜோட்டாக், இன்னோ த்ரீ-டி எல்லோரும் அதை வாங்கி, பலகையில் பொருத்தி, விசிறி மாட்டி, பெட்டியில் போட்டு விற்கிறவர்கள். ஜோட்டாக்கும் இன்னோ த்ரீ-டியும் பி.சி. பார்ட்னர் என்ற ஒரே குழுமத்தின் இரண்டு பெயர்கள் என்பது அடித்துக்கொள்ளும் ரசிகர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி. பக்கமும் இதே கதைதான். சிப் ஒருவருடையது, பெட்டி பலருடையது.

நம்ம பக்கத்து உதாரணமே சொல்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரித் தோட்டங்களில் விளையும் பெங்களூரா மாம்பழம் கூழ் ஆலைக்குப் போகிறது. அங்கே கூழாகி, டப்பாவில் அடைபட்டு, வெவ்வேறு லேபிளில் ஊர் ஊராகப் போகிறது. பழம் ஒன்று, டப்பா வேறு. டப்பாவும் முக்கியம்தான். ஓட்டை டப்பாவில் போட்டால் கூழ் கெட்டுப்போகும். ஆனால் டப்பாவுக்குக் கொடுத்த காசைப் பழத்துக்குக் கொடுத்ததாக நினைத்து ஏமாறக்கூடாது, இல்லையா?

கணக்கைப் பாருங்கள். 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 வந்தது. அறிவிக்கப்பட்ட விலை 1,599 டாலர். அதே சிப்பை, அதே 24 ஜி.பி. மெமரியை வைத்து ஏசுஸ் வெளியிட்ட ஸ்ட்ரிக்ஸ் ஓ.சி. என்ற ராஜா வீட்டுக் கன்றின் விலை 1,999 டாலர். கால் பங்கு அதிகம். வேகம் எவ்வளவு அதிகம்? காகிதத்தில் 2,520 மெகாஹெர்ட்ஸ், 2,640 ஆகிறது. ஐந்து சதவீதம்கூட இல்லை. வேலையில் அதில் பாதி தெரிந்தால் பெரிய விஷயம். நூறு நிமிடம் ஓடும் வேலை தொண்ணூற்றேழு நிமிடத்தில் முடியலாம். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு டீ குடிக்கலாம். 4090-க்கு இந்தியாவில் அறிவித்த ஆரம்ப விலை 1,55,000 ரூபாய். அதற்குக் கால் பங்கு என்றால் ஏறக்குறைய நாற்பதாயிரம். உலகத்திலேயே விலை அதிகமான டீ இதுதான்.

ஓ.சி. என்றால் ஓவர் கிளாக். தொழிற்சாலையிலேயே கொஞ்சம் முடுக்கிவிட்டது என்று அர்த்தம். நம்மூரில் ஓசி என்றால் சும்மா கிடைப்பது. ஓ.சி.க்குக் காசு வாங்கும் ஒரே வியாபாரம் இதுவாகத்தான் இருக்கும்.

"பெரிய பிராண்டுன்னா பழுது வராதே சார்" என்பீர்கள். வருமே! 2025 ஜனவரியில் 5090 வந்தது. இந்திய ஆரம்ப விலை 2,14,000 ரூபாய். அடுத்த மாதமே ஒரு குட்டு வெளிப்பட்டது. படத்தின் கடைசிக்கட்ட வேலையைச் செய்யும் ஆர்.ஓ.பி. என்ற உறுப்புகள் அந்த சிப்பில் 176 இருக்க வேண்டும். சில கார்டுகளில் 168-தான் இருந்தன. என்விடியாவே ஒப்புக்கொண்டது: அரை சதவீதத்துக்கும் குறைவான கார்டுகளில் இந்தக் குறை, வேகத்தில் சராசரியாக 4 சதவீத இழப்பு, கார்டை விற்ற கம்பெனியிடம் மாற்றிக்கொள்ளலாம் என்று. ஒரு பிராண்டில் அல்ல, பல பிராண்டுகளின் பெட்டிகளில் இந்த ஊனச் சிப் இருந்தது. எட்டு உறுப்பு குறைவது எத்தனை இழப்போ, ஏறக்குறைய அதே அளவு வேகத்தைத்தான் ஓ.சி. என்று கூடுதல் காசுக்கு விற்கிறார்கள். இழப்பாக வந்தால் 'கண்ணுக்கே தெரியாது', லாபமாக விற்றால் 'பறக்கும்'. எப்படி இருக்கிறது நியாயம்?

சரி, பெட்டி போடும் கம்பெனிகள்தான் வில்லன்களா? அவர்களே பாவம். வட அமெரிக்காவில் இ.வி.ஜி.ஏ. என்று ஒரு நிறுவனம். வாரண்டியில் நாணயமானவர்கள் என்று பேர் வாங்கியவர்கள். 2022 செப்டம்பரில், இனி கிராபிக்ஸ் கார்டே செய்யமாட்டோம் என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். புதுக் கார்டின் விலை என்ன என்பதையே என்விடியா முதலாளி மேடையில் அறிவிக்கும்போதுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, லாபமும் நிற்கவில்லை என்பது அவர்கள் தரப்புக் குறை. பத்துக் கம்பெனிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அந்தப் பத்துக் கம்பெனிகளுக்கே பெரிதாகத் தேர்வு கிடையாது. முன்னால் பத்துக் கடை, பின்னால் ஒரே குடோன்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு விலை குறைந்ததை வாங்கிவிடலாமா? அதுவும் கூடாது. டப்பாவில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் சூடு. யூடியூபில் ஒருவர் ஏ.சி. அறையில் கார்டைச் சோதித்து, '65 டிகிரிதான்' என்று புன்னகைப்பார். அவர் அறை 21 டிகிரி. தர்மபுரியில் சித்திரை மாத மத்தியானம் உங்கள் மாடி அறை 38 டிகிரி. அறை ஏறினால் கார்டும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். 65-ம் 17-ம் 82. ஒரு எல்லைக்கு மேல் சூடானால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய ஓ.சி., மே மாதம் மட்டும் விடுமுறையில் போய்விடும். ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், குளிரூட்டியின் அளவைப் பாருங்கள். அதற்காக 36 சென்டிமீட்டர் நீளத்தில் வாங்கி, கேபினெட்டுக்குள் நுழையாமல் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். தூசி உள்ளே போய்விடும்.

இரண்டாவது கரண்ட். 5090 உச்சத்தில் 575 வாட் குடிக்கும். 12 வோல்ட்டில் அது 48 ஆம்பியர். ஆறு கம்பிகள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஒன்றுக்கு 8 ஆம்பியர். ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் மற்றவை அந்தச் சுமையையும் தூக்க வேண்டும். சூடேறி பிளக் உருகும். 2022-ல் 4090 வந்த சில வாரங்களிலேயே இப்படி உருகிய பிளக்குகளின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. முழுசாக அழுத்திச் சொருகாததும் ஒரு காரணம் என்று தெரிந்தது. இந்த விவகாரத்திலும் எல்லா பிராண்டும் ஒரே ஜாதி. நாற்பதாயிரம் மிச்சம் என்றேனே, அதில் முதலில் ஆயிரம் வாட் தரமான பவர் சப்ளை வாங்குங்கள். பிறகு யு.பி.எஸ். பிறகு, தயவுசெய்து, வீட்டு எர்த்திங்கை ஒரு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். இரண்டு லட்ச ரூபாய்க் கார்டைக் காப்பாற்ற இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதில் என்ன கஷ்டம்?

கரண்ட் பில்லையும் சொல்லிவிடுகிறேன். தினம் ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மாதத்துக்குக் கார்டு மட்டுமே 207 யூனிட். வீட்டுக்கு அரசாங்கம் தரும் இலவச 100 யூனிட்டை அது ஒரே மாதத்தில் விழுங்கிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம், சர்வீஸ். பாலக்கோட்டில் ஒரு ஸ்டுடியோக்காரர் கடன் வாங்கிக் கார்டு போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தை மாத முகூர்த்த சீசனில் அது படுத்துவிட்டது. விற்ற கடைக்காரர், "சர்வீஸ் சென்டருக்கு அனுப்பணும்ணா" என்பார். சென்டர் பெங்களூரிலோ சென்னையிலோ கோவையிலோ இருக்கும். போக வர, சோதிக்க, மாற்ற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மாப்பிள்ளை பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும். ஆல்பம் எப்போது என்று அவர்கள் கேட்பது என்விடியாவை அல்ல, இவரை. நாளைக்கு அடுத்த ஆர்டர் போவதும் இவருக்குத்தான். ஆகவே வாங்கும் முன்பே கேளுங்கள்: வாரண்டி எத்தனை வருடம்? சென்டர் எங்கே? அனுப்பும் செலவு யாருடையது? இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லும் பிராண்டு எதுவோ, அதுதான் நல்ல பிராண்டு. பதில் சொல்லாமல், "இதுல ஆர்.ஜி.பி. லைட் எரியும் தம்பி" என்று பேச்சை மாற்றினால், பஸ் ஏறிவிடுங்கள். லைட் வேண்டுமென்றால் திருவிழாவுக்கு சீரியல் செட் வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது இல்லாத பெட்டி குறுக்கு வழியில் வந்தது. விலை குறையலாம், வாரண்டி காற்றோடு போகும். எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். 'கார்டு வேணும்னா இந்த மானிட்டரையும் எடுக்கணும்' என்று தலையில் கட்டுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்ட வியாபார முறை. பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறைகேடு. 'பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்' என்ற தேன் வார்த்தையில் மயங்கினால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு சேர்ந்து உங்கள் வாரண்டியும் மிச்சமாகிவிடும், கம்பெனிக்கு!

அதே சட்டம் இன்னொரு நல்ல காரியமும் செய்திருக்கிறது. கம்பெனி தைபேயில் இருந்தாலும், விற்றவர் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். ரசிகர் மன்றத்தில் தொண்டை கிழியக் கத்துகிறோமே, அதில் பத்தில் ஒரு பங்கு சத்தத்தை அங்கே எழுப்பினால், சேலத்திலும் தர்மபுரியிலும் சர்வீஸ் சென்டர் தானாக முளைக்கும். பெரிய ஊரில் இருப்பவனுக்கும் அரூரில் இருப்பவனுக்கும் ஒரே விலை வாங்குகிறவர்கள், சேவையை மட்டும் ஊர் பார்த்துக் கொடுப்பது என்ன தர்மம்?

தகடூரை ஆண்ட அதியமான், கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். அந்த வள்ளல் குணம் நம் ரத்தத்தில் ஓடட்டும், தப்பில்லை. ஊரில் ஔவைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுங்கள். தைவான் கம்பெனியின் பெட்டிக்கு வள்ளலாக வேண்டாம்.