‘எட்டு’ போட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பைக் பழகுவோர் எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழிந்ததும் தேர்வுக்குப் போகலாம். காலை ஊன்றாமல் ‘எட்டு’ போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். ஆனால் மறுநாள் ரவுண்டானாவில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே ஓட்டும் தைரியம் அதனால் மட்டும் வந்துவிடாது.

முதலில் காலி மைதானத்தில் ஹாஃப் கிளட்ச் பழக வேண்டும். கிளட்ச்சை மெல்ல விடும்போது வண்டி எந்த இடத்தில் நகரத் தொடங்குகிறது என்பதை விரல்கள் அறிந்துகொண்டால், மேம்பால ஏற்றத்தில் வண்டி நின்றுவிடுமோ என்ற பயம் பாதி போய்விடும்.

அடுத்தது பிரேக். ‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுவிடும்’ என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது ஆபத்தான பாடம். நிறுத்தும்போது பாரம் முன் சக்கரத்துக்கு மாறுவதால், வண்டியை அதிகம் பிடித்து நிறுத்துவது முன் பிரேக்தான். ஹேண்டில்பாரை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் ஒரே நொடியில் வண்டி 11 மீட்டர் போய்விடும். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. பழகிய கைதான் காப்பாற்றும்.

ஞாயிறு காலைகளில் ஆர்.டி.ஓ. தேர்வுத் தளங்களைப் புதியவர்களுக்குத் திறந்துவிட்டு, பயிற்றுநரை வைத்து பிரேக் பயிற்சி தர போக்குவரத்துத் துறை முன்வர வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் ‘இன்னுமா பயம்?’ என்று கேலி செய்யாமல், ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, நெரிசல் இல்லாத நேரத்தில் கூடவே போய்ப் பழக்க வேண்டும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்